ஆளுக்கு ஒன்று

கார் மெல்லப் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கி, ஓரத்து வெள்ளைக் கோட்டைத் தொட்டு, திடுக்கிட்டுத் திரும்பி வந்தது.

இது மூன்றாவது முறை. அவள் ஓட்டுநரைப் பார்த்தாள். கண் திறந்துதான் இருந்தது. ஆள்தான் அங்கே இல்லை.

பின்னால் கணவர், மாமியார், மகள் மூவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். விடியற்காலையில் விமானம், மதியம் படகு, இப்போது மலைப்பாதை. ஒரே நாளில் ஆகாயம், தண்ணீர், தரை மூன்றும் அவர்களைப் பிழிந்தெடுத்துவிட்டன.

விமானத்தில் எல்லோரையும் தண்ணீர் குடிக்க வைத்து, கால் வீங்காமல் இருக்க நடக்க வைத்தவள் அவள்தான். படகில் மாமியாரோடு மல்லுக்கட்டி மிதவைச் சட்டையை மாட்டிவிட்டதும் அவள்தான். மலை ஏறுமுன் ஆளுக்கு ஒரு வாந்தி மாத்திரை. வீட்டில் அவளுக்கு நடமாடும் மருந்துக்கடை என்று பெயர். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அலுத்துவிட்டது. பத்து நிமிடம் கண்ணை மூடினால் தேவலை. மூடினால் ஐந்து உயிருக்கும் யார் பொறுப்பு?

பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். இரண்டு என்றான். என்ன படிக்கிறார்கள் என்றதற்கு, "ம்" என்றான்.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ராத்திரியெல்லாம் எங்கே ஊர் சுற்றினானோ! போய்ச் சேரட்டும், வண்டி முதலாளியிடம் சொல்லி இவனை வேலையை விட்டே தூக்கச் சொல்ல வேண்டும்.

"தம்பி, வண்டிய ஓரமா நிறுத்துங்க. நேத்து தூங்கவே இல்லையா நீங்க?"

வளைவு தாண்டி, அகலமான இடமாகப் பார்த்து மறுபேச்சில்லாமல் நிறுத்தினான். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பதே அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது.

"நல்லா தூங்கினேன்க்கா. படகுத்துறையில மாத்திரை குடுத்தீங்கல்ல, அதப் போட்டதுல இருந்துதான் இப்படி. நான் பையை வாங்கத்தான் கைய நீட்டினேன். சவாரி வர்றவங்க யாரும் எனக்குன்னு எதுவும் குடுத்ததில்ல. வேண்டாம்னு சொல்ல மனசு வரல."

எவ்வளவு யோசித்தும் அவனுக்குக் கொடுத்தது நினைவுக்கு வரவில்லை. அலுப்பில் யார் முகத்தைப் பார்த்தாள்? நீட்டிய கைகளில் வைத்துக்கொண்டே போனாள்.

அவன் இருக்கையைச் சாய்த்துக்கொண்டான். அடுத்த மூச்சிலேயே தூங்கிப்போனான்.

கணவர் விழித்துக்கொண்டு, வண்டி ஏன் நிற்கிறது என்று பார்த்தார். வாய் திறந்து தூங்கும் ஓட்டுநரைக் கண்டதும் அவர் முகம் சிவந்தது.

"சத்தம் போடாதீங்க," என்றாள் அவள். "அவருக்கும் மாத்திரை குடுத்திருக்கேன்."