சைவக் கத்தி

“ரத்தம் பாக்காத கத்தியா ஒண்ணு எடுத்துப் போடுங்க அண்ணாச்சி” என்றார் குற்றாலிங்கம்.

அருமைநாயகம் விழித்தார். டவுன் கீழரத வீதியில் இத்தனை வருஷமாக இரும்புக் கடை வைத்திருக்கிறார். இப்படி ஒரு சரக்கை யாரும் கேட்டதில்லை. “எல்லாம் புதுசுதான் சார். எதுவும் இன்னும் ஒண்ணையும் பாக்கலை.”

“இனிமேலும் பாக்கப்படாது” என்றாள் குற்றாலிங்கத்தின் மனைவி கோமு.

கத்தி, பக்கத்தில் கைகட்டி நின்ற உலகநாதனுக்கு. காலாட்படைச் சிப்பாய். லீவில் வந்த இடத்தில் இவர்கள் மகள் சித்ரலேகாவைப் பெண் பார்த்தான், சொக்கிப்போனான். போன வாரம் தாம்பூலமும் மாற்றியாயிற்று. திங்கட்கிழமை மெட்ராஸ் ரயில் ஏறுகிறவனுக்கு ஒரு வாட்ச் வாங்கித் தரலாம் என்றுதான் இருவரும் கூட்டி வந்தார்கள். அவன்தான், வாட்ச் வேண்டாம், எல்லையில் உபயோகப்படுகிற மாதிரி ஒரு கத்தி போதும் என்றுவிட்டான்.

கத்தி என்றதுமே கோமுவுக்குப் பழைய சந்தேகம் திரும்ப வந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாகச் சைவச் சாப்பாட்டு வீடு. பட்டாளத்துக்காரன் கண்டதையும் தின்றிருப்பானோ என்று பெண் பார்க்க வந்த அன்றே கேட்டாள். ‘ரொட்டியும் பருப்பும்தான் அத்தை’ என்று அவன் சத்தியம் செய்த பிறகுதான் காப்பியே வந்தது.

அருமைநாயகம் முழங்கை நீளத்துக்கு ஒன்றை உருவினார். முதுகில் ரம்பம், பிடியில் திசைகாட்டி.

“இது சினிமாவுக்கு ஆகும்” என்றான் உலகநாதன். “ஏற்கனவே முதுகுல ஒரு மூட்டை. இதையும் கட்டிக்கிட்டு மலை ஏறுனா என்னையத்தான் குத்தும். சட்டைப்பையில போடுத மாதிரி மடக்குக் கத்தியாக் காட்டுங்க.”

“நம்ம வீட்டு அருவாமனை மாதிரி ஒண்ணு கொண்டு போகப்படாதா?” என்றாள் கோமு. “உக்காந்து நறுக்கலாம்லா.”

எல்லையில் சம்மணம் போட்டு வெண்டைக்காய் நறுக்குகிற சிப்பாயை நினைத்து அருமைநாயகம் மீசைக்குள் சிரித்தார். பிறகு உள்ளே போய், தூத்துக்குடிக் கப்பலில் வந்த சரக்கு என்று ஒரு சிவப்புக் கத்தியை எடுத்து வந்தார். கையடக்கம்தான். உள்ளே என்னென்னவோ மடங்கிக் கிடந்தன.

உலகநாதனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மாமியார் பயந்தது வீண் என்று காட்ட, ஒவ்வொன்றாக விரித்துப் பாடம் எடுத்தான். “இது டப்பா தொறக்க, அத்தை. இது திருப்புளி, எங்கயும் திருகு லூஸானா முடுக்கிரலாம். இந்த ஊசி, பூட்ஸ் வாரு அறுந்தா ஓட்டை போட. இந்தப் பல்லு மீன் செதில் சுரண்ட. இது வந்து...”

நிறுத்திக்கொண்டான். நிறுத்தி என்ன செய்ய.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள் கோமு.

“பக்கத்துக் கூடாரத்துல ஒருத்தன் செய்யுதான் அத்தை. அந்த நேரம் நான் கண்ணை மூடிக்கிடுவேன்.”

“மூடிக்கிட்டு எப்படிப் பாத்தீக?”

“சத்தம் கேக்கும்லா.”

கோமு கணவரைக் கையால் காட்டினாள். “இவுகளைப் பாருங்க. ஒரு மீனுக்குக்கூடக் கெடுதல் நினைக்க மாட்டாக. ஞாயித்துக்கிழமையானா அதுகளுக்குப் பொரி போட்டுட்டுத்தான் மறுசோலி. பாபநாசம் படித்துறையில கூட்டமா இருக்குன்னு மணிமுத்தாறு வரைக்கும் தனியாப் போவாக. அப்பேர்ப்பட்ட வீட்டுல பொண்ணு எடுக்கீக.”

குற்றாலிங்கம் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

“நான் எதுத்தாப்புல பூ வாங்கிட்டு வாரேன்” என்று கோமு அவரிடம் திரும்பினாள். “அதுக்குள்ள நல்லா விசாரிங்க. ஒரு துண்டு வாயில வச்சிருந்தாலும் தாம்பூலத்தைத் திருப்பிக் குடுத்துருவோம்.” படியிறங்கிப் போய்விட்டாள்.

பனிமலையில் காவல் நின்றபோது வராத நடுக்கம் உலகநாதனுக்கு இரும்புக் கடையில் வந்தது. சித்ரலேகா கைநழுவிப் போய்விட்டாள் என்றே நினைத்தான்.

குற்றாலிங்கம் நெருங்கி வந்தார். “மாப்ளே, என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க. உண்டா, இல்லையா?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். வரவில்லை. “உண்டு மாமா.”

“என்னல்லாம்?”

“ஆடு, கோழி... ஆத்துல கிடைச்சா மீனு. அந்தக் குளிருக்குப் பருப்பு தாங்காது மாமா. இன்னையோட விட்டுருதேன். சித்ரலேகாவை மட்டும் இல்லைன்னு சொல்லிராதீக.”

“மீனைச் சுத்தம் பண்ணுதது யாரு?”

“நான்தான்” என்றான். தலை நிமிரவில்லை. “பொரிக்கதும் நான்தான். பாவம் பண்ணிட்டேன் மாமா.”

குற்றாலிங்கம் பெருமூச்சு விட்டார். தெருவைப் பார்த்தார். கோமு பூக்காரியின் முழம் போதாது என்று தன் கையால் அளந்துகொண்டிருந்தாள். அது இப்போதைக்கு முடியாது.

“அண்ணாச்சி” என்றார் பைய. “அந்தப் பல்லு வச்சதுலயே ரெண்டாக் கட்டுங்க. வெரசா.”

உலகநாதனுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. “ரெண்டு எதுக்கு மாமா?”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமைலா மாப்ளே. நாம ரெண்டு பேருமா மீனுக்குப் பொரி போடப் போறோம்.”