ஏழாவது வரி

"ஏழு வரியும் தப்பில்லாமப் படிச்சுட்டா. பார்வை இல்லாதவங்க ஓட்டப் பந்தயத்துல இவளைச் சேர்க்க முடியாதும்மா" என்றார் கண் டாக்டர், கையிலிருந்த எழுத்து வரிசையின் நகலோடு சரிபார்த்து.

ஒரு வருடமாகத் தினமும் ஓடிப் பழகிய மகள் தலைகுனிந்தாள். அம்மாவுக்கோ வாயெல்லாம் பல்.

"போன தடவை மூணு வரிதான் டாக்டர்! ஓட்டம் கிடக்குது விடுடி. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு வந்துடறேன்" என்று வெளியே ஓடினாள்.

டாக்டருக்கு எரிச்சல். "நல்லாத் தெரியுறப்ப எதுக்கு இங்க வந்தே?"

சுவரிலிருந்த எழுத்துப் பெட்டியை அணைக்கப் போனவர் அப்படியே நின்றார். அவர் சுவிட்சைப் போடவே இல்லை. விளக்கில்லாமல் அதில் ஓர் எழுத்தும் தெரியாது.

"எதைப் பார்த்தும்மா படிச்சே?"

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதே எழுத்துதான் சார். மனப்பாடம். போன மாசமே மொத்தமா இருட்டிடுச்சு."

"இதைச் சொல்லியிருந்தா நாளைக்கு நீ ஓடலாமே!"

வெளியே அம்மா போனில் சிரிப்பது கேட்டது. மகள் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"ஒரு வரி குறைஞ்சாலே அம்மா ரெண்டு நாள் சாப்பிட மாட்டாங்க. இன்னிக்கு ஒருநாள் சாப்பிடட்டும் சார்."