பம்ப் ஆபரேட்டரின் செருப்பு

"செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாய்யா!"

"கழட்ட மாட்டேன் சார்."

இன்ஜினீயர் வேணுகோபாலுக்குச் சுர்ரென்று ஏறியது.

அரியலூர் பக்கம் அந்த சிமெண்ட் ஃபேக்டரிக்குக் கம்ப்யூட்டர் வந்த புதுசு. அது சூடாகாமல் இருக்க, அதைச் சுற்றிக் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீரைத் தள்ளும் பம்ப் வெளியே இருந்தது. அதற்குப் பொறுப்பு அரியமுத்து. உள்ளே குழாய் கசிகிறது, வந்து பார் என்றால், மனுஷன் வாசலில் நின்று முறைக்கிறார்!

"கல்லங்குறிச்சிப் பெருமாளுக்குக் கழட்டுவேன். மனுசனுக்குக் கழட்ட மாட்டேன்."

"என்னா திமிரு! நாளைலேர்ந்து வேலைக்கே வராத, போ!"

சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போய்விட்டது.

ஜெனரேட்டரைப் போட்டார்கள். அது கம்ப்யூட்டருக்கே சரியாகப் போயிற்று. பம்ப் நின்றது நின்றதுதான்.

"ஐயோ, இப்ப கம்ப்யூட்டரை நிறுத்தினா ஏத்தின கணக்கெல்லாம் அழிஞ்சிடும். நிறுத்தலேன்னா சூட்டுல கருகிடும். என் வேலையும் போச்சு!" வேணுகோபால் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வேறு யாராவது என்றால், 'எக்கேடோ கெட்டுப் போங்க' என்று வீட்டைப் பார்க்கப் போயிருப்பார்கள். அரியமுத்து குவாரிக்கு ஓடினார். அங்கே தண்ணீர் இறைக்கிற ஆயில் என்ஜினை ஆட்களோடு தள்ளிக்கொண்டு வந்தார். என்ஜினுக்கும் பம்ப்புக்கும் பெல்ட்டை மாட்டி, ஹேண்டிலைச் சுற்றினார்.

என்ஜின் கிளம்பியது. பெல்ட் பட்டென்று அறுந்தது.

"தொலைஞ்சோம்!" என்றார் வேணுகோபால்.

"அட, சும்மா இருங்க சார். நான் இருக்கேன்ல!"

அரியமுத்து தன் காலிலிருந்த தோல் செருப்பைக் கழற்றினார். கத்தியால் வார் வாராக அறுத்தார். பெல்ட்டின் இரண்டு முனையிலும் துளை போட்டு, வாரைக் கோத்து இறுக்கித் தைத்தார். மறுபடியும் ஹேண்டில்.

இந்த முறை பெல்ட் தாங்கியது. பம்ப் ஓடியது. குழாயில் தண்ணீர் பாய்ந்தது.

வேணுகோபாலுக்கு அழுகையே வந்துவிட்டது. அரியமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன்யா, அறுத்தே போட்டியே! அப்ப மட்டும் ஏன் கழட்ட மாட்டேன்னே?"

"எங்க ஊர்ல பெரிய தெருவுல போனா, எங்காளுங்க செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் போவணும். மாட்டேன்னுதான் சார் ஊரை விட்டே வந்தேன். இங்கயும் அதே கதைதானான்னு..."

"அடக் கடவுளே! கம்ப்யூட்டருக்குள்ள தூசி போவக் கூடாதுன்னுதான்யா கழட்டச் சொன்னேன். இங்க மேனேஜரே கழட்டணும்!"

"நெசமாவா?" அரியமுத்துவுக்கு நம்பிக்கை வரவில்லை.

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டு மேனேஜரே பதறியடித்துக்கொண்டு வந்தார். ஷூ காலோடு நேரே கம்ப்யூட்டர் ரூமுக்குள் நுழையப் போனார்.

வெறுங்காலோடு அரியமுத்து வாசலில் குறுக்கே கையை நீட்டினார்.

"ஷூவைக் கழட்டுங்க சார்."

வேணுகோபால் பதறிப்போய் முன்னால் வந்தார்.

மேனேஜர் ஒரு கணம் அவரைப் பார்த்தார். "அட ஆமா, அவசரத்துல மறந்துட்டேன்ப்பா" என்று குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார்.

அரியமுத்து கண்ணைத் துடைத்துக்கொண்டு வேணுகோபால் பக்கம் திரும்பினார்.

"வாங்க சார், உள்ள போவோம். எந்தக் குழாய் கசியுது?"