சரவிளக்குக்குப் பாயிண்ட் இல்லை

ராஜா அண்ணாமலைபுரம் ஃப்ளாட்டின் ஹாலில் ஏணி மேல் நின்ற எலெக்ட்ரீஷியன் தணிகாசலம், சீலிங்கைத் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“மேல பாயிண்ட்டே இல்ல சார். லைட்டுக்கு ஒயர் எங்கேர்ந்து வரும்?”

புதுச் சரவிளக்கைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு நின்ற அய்யாதுரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“ஹால் நடுவுல ஒரு பாயிண்ட் விடத் தெரியாதவன்லாம் வீடு கட்டுதான்! சோத்தைத் திங்கானா, சிமெண்ட்டைத் திங்கானா?”

“காங்கிரீட் போடறதுக்கு முன்னாடியே பைப் வெச்சிருக்கணும் சார். இனிமே சீலிங் மேல வெளியில தெரியற மாதிரி பிளாஸ்டிக் பட்டி அடிச்சுத்தான் ஒயர் இழுக்கணும்.”

“அசிங்கமா இருக்குமேய்யா!”

“அப்பவே பைப் வைக்கட்டுமான்னு கேட்டேன் சார். இந்த பில்டிங்குக்கு ஒயரிங் பண்ணதே நான்தான்.”

“கேட்டியா? அதுக்கு அந்த மடப்பய என்ன சொன்னான்?”

தணிகாசலம் ஏணியிலிருந்து இறங்கினார்.

“‘விக்கிற வீட்டுக்கு எதுக்குலே சரவிளக்கு?’ன்னு சொன்னீங்க சார்.”

அய்யாதுரை விளக்கை மெல்லக் கீழே வைத்தார்.

“பத்து வீட்டுல இந்த ஒண்ணு மட்டும் விக்காம என் தலையிலயே விழும்னு நான் கனவா கண்டேன்?”

“வுடு சார். மத்த ஒம்போது வூட்லயும் இதே திட்டுதான். நீங்கதான் கொஞ்சம் மரியாதையா திட்டிக்கினீங்க.”