மாடியில் எட்டுப் பேர்

ஸ்காட்லாந்து நடனத்துக்கு வயலின் வாசிக்க அல்போன்ஸுக்கு இன்று சோதனை. வேகம் பிசகினால் வேலை கிடைக்காது. அந்தப் பழைய புதுச்சேரி பங்களாவில் மாடியில் ஆட்டம், கீழே வாசிப்பு. மரத்தளத்தில் விழும் காலடியைக் கேட்டுத்தான் வேகம் பிடிக்க வேண்டும்.

மேலே சத்தம் கேட்டதும் தொடங்கினான். மாடியில் கால்கள் தடுமாறின.

“ரயிலப் புடிக்கவாடா ஓடுற? மெதுவா புடி,” என்றான் டிரம் அந்தோணி.

குறைத்தான். கால்கள் ஒன்றாக விழுந்தன.

“புடிச்சிட்டடா! வேல கெடச்ச மாதிரிதான்.”

நடனக்குழுத் தலைவி அகஸ்டினா மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். பின்னால் ஏழு பேர்.

“மன்னிச்சுக்குங்க தம்பி. ஆடுற எட்டுப் பேரும் வந்த பஸ்ஸு மூலக்குளத்துலயே நின்னுபோச்சு. மாடி சாவியும் என்கிட்டயே இருக்கு.”

வயலின் நின்றது. மாடியில் ஆட்டம் நிற்கவில்லை.

அகஸ்டினா அண்ணாந்து பார்த்தபடி அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டாள்.

“வேகம் சரியா இருக்கு. வேல உங்களுக்குத்தான்,” என்று சாவியை அவன் கையில் திணித்துவிட்டுத் தெருவுக்கு ஓடினாள்.