செந்தாமரை வைத்த முதல் கதிர்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுங்களா, ஒரு காலைப்பொழுதைக் காட்டுகிறேன். பயந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வயலுக்கு நடுவே எங்கள் வேதக்கோயில். உள்ளே மருதையன் கடப்பாரையால் பிரசங்க மேடையைப் பிளக்கிறான். அவன் மகள் செந்தாமரையிடம் தப்பாகக் கை நீட்டிய போதகர் நேற்றே ஊரைவிட்டு ஓடிவிட்டார். இவனுக்கு அகப்பட்டது அவர் நின்ற பலகைதான். மரச் சிலாம்பு தெறிக்கிறது. நாற்காலி கால் முறிந்து விழுகிறது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கித் தரையெல்லாம் வெயிலில் மின்னுகிறது. கிழிந்த உள்ளங்கையிலிருந்து ரத்தம் கடப்பாரையில் வழிகிறது. "அவன் கை நீட்டினப்ப ஒன் ஆண்டவர் எங்க போயிருந்தாரு?" என்று வாசலில் நிற்கும் மகளிடம் கத்திக்கொண்டே பீடத்தை நோக்கிக் கடப்பாரையை ஓங்குகிறான். அங்கே, அறுப்புப் பண்டிகைக்கு அவள் தன் கையால் அறுத்து வைத்த முதல் கதிர்க்கட்டு. செந்தாமரை கண்ணாடிமேல் வெறுங்காலோடு ஓடிவந்து கட்டின்மேல் கவிழ்கிறாள். "அந்தாளு மேடைய ஒடைச்சீங்க, நான் தடுக்கல. இது அந்தாளுக்கு வச்சதில்லப்பா. ஆண்டவருக்கு வச்சது. அந்தாளு ஓடினா நானும் ஓடணுமா?" கடப்பாரை அவள் தலைக்குமேல் அப்படியே நிற்கிறது. பிறகு அது தரையில் விழும் சத்தத்தில் கூரைப் புறாக்கள் பதறி எழுகின்றன. மருதையன் மண்டியிட்டு, மகளின் பாதத்தில் ஏறிய கண்ணாடியைத் தன் ரத்தக் கையாலேயே பிடுங்குகிறான்.

உங்கள் வீட்டில் முதல் கதிர் வைக்கிற கைக்கு ஒரு தீங்கும் வராமல் ஆண்டவர் காக்கட்டும், கண்ணுங்களா.