ஞாயிற்றுக்கிழமை வயிற்றுக்குத்து

"அந்த ரோல்ஸ்தான் பிள்ளை, வேற ஒண்டும் இல்லை. எழுதும்," என்றார் பாமா அக்கா.

டொக்டர் ஆதிரை எழுதவில்லை. எழுதுமுன் கேட்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருந்தது.

ஜெர்மனியின் எசன் நகரில் ஆதிரையைத் தெரியாத தமிழ் வீடு இல்லை. குழந்தை வைத்தியராகி மூன்று வருடம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் திடீரென்று கிழமையில் பாதி வார்டு, பாதி ஆராய்ச்சி என்று ஒரு பயிற்சியில் சேர்ந்தார். இளம் குழந்தை வைத்தியர்களை ஆராய்ச்சியாளர்களாக்கும் பயிற்சி என்று அவருடைய தாயார் எல்லோருக்கும் விளக்கினார். சனம் நம்பினால்தானே? "பிள்ளைக்குப் பாதி வேலை போயிட்டுதாம்," என்று தமிழ்க் கடையில் வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் சொல்ல, சாமானோடு வீடு போய்ச் சேருமுன் முழு வேலையும் போனதாகிவிட்டது.

ஆதிரை அசரவில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஏன் அடிக்கடி வயிறு நோகிறது என்று கண்டுபிடிக்கப்போவதாகச் சொல்லி, இருபத்துநான்கு வீடுகளுக்கு ஆளுக்கொரு கொப்பி கொடுத்தார். இரண்டு கிழமைக்குப் பிள்ளை என்ன சாப்பிட்டது, எப்போது வயிறு நொந்தது என்று தாய்மார் எழுத வேண்டும். சொன்ன நாளில் இருபத்துநான்கும் திரும்பி வந்தன. தன்னுடைய ஆராய்ச்சிகளுக்குப் பாதிகூட வந்ததில்லை என்று பயிற்சியை நடத்தும் பேராசிரியர் லூக்காஸ் வாயைப் பிளந்தார்.

அதற்கு நன்றி சொல்ல வேண்டியது பாமா அக்காவுக்கு. அவருடைய தெருவில் எந்தத் தமிழ் வீட்டுக்கு ஜெர்மனில் எந்தக் கடிதம் வந்தாலும் பிரித்துப் படிப்பவர் அவர்தான். அரசாங்கம் தரும் பிள்ளைக்காசுக்கு அன்ராக் என்கிற விண்ணப்பம், கிண்டர்கார்டன் அன்ராக், எல்லாம் அவருடைய சாப்பாட்டு மேசையில்தான் நிரம்பும். அதனால் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஒளித்துவைக்கும் கெட்ட பழக்கமும் அவருக்கு இல்லை. "கொப்பியளைக் குடுத்திட்டுப் போம், மிச்சத்தை நான் பாக்கிறன்," என்று அன்றைக்கே சொல்லியிருந்தார்.

கொப்பிகளைப் பிரித்த ஆதிரை இரண்டு தடவை எண்ணிப் பார்த்தார். இருபத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வயிற்றுக்குத்து. ஒருத்திக்கு நாலு மணி, இன்னொருத்தனுக்கு நாலே கால், வேறொருத்தனுக்கு நாலு இருபது. ஆனால் என்ன சாப்பிட்டார்கள் என்ற இடத்தில் எல்லோரும் சோறு, பருப்பு, கீரை என்று எழுதியிருந்தார்கள். சோறும் பருப்பும் இத்தனை பேரை ஒரே நாளில் குத்தாது. எதையோ மறைக்கிறார்கள்.

நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பயிற்சிக் குழுவின் முன் இதை வைக்க வேண்டும். குழுவுக்குப் பிடித்தால் இன்னும் இரண்டு வருடம் ஆராய்ச்சி. பிடிக்காவிட்டால் திரும்பவும் முழுநேரம் வார்டு. வெண்டிக்காய்ப் பெட்டிக்காரருக்கும் சந்தோஷம்.

"இது தற்செயல் இல்லை அக்கா," என்றார் ஆதிரை. "எல்லாரும் எங்கையோ ஒண்டாச் சாப்பிட்டிருக்கினம். அதைப் பிடிச்சிட்டன் எண்டால் குழு என்னை அசைக்க ஏலாது."

"அதைத்தானே சொல்லுறன். அதுக்கு முதல் நாள் சனிக்கிழமை குணசேகரம் அண்ணையின்ர மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியச் சடங்கு. நீர் டியூட்டி எண்டு போகேல்லை. மண்டபம் நிறையச் சனம். ரோல்ஸ் வியாழக்கிழமையே பொரிச்சதாம். சமையல் தெரிஞ்ச ஆளைப் பிடியாமல் மச்சான் தபோதரனைக் கொண்டு பொரிப்பிச்சவர். அந்தாள் பஸ் ஓடுறவர், பிள்ளை."

"பஸ் ஓடுறவை ரோல்ஸ் பொரிக்கக் கூடாதோ?"

"பொரிக்கலாம். ஆர் சாப்பிடுறது? பெட்டையைக் குதிரை வண்டிலிலை கொண்டுவரத் தெரியுது, ரோல்ஸைப் பிரிட்ஜிலை வைக்கத் தெரியேல்லை."

ஆதிரைக்குச் சிரிப்பு வந்தது. நாளும் பொருந்தியது, நேரமும் பொருந்தியது. குணசேகரம் அண்ணையின் மானத்தைக் காப்பாற்ற ஊரே சோறும் பருப்பும் என்று எழுதியிருக்கிறது. ஒரு வீட்டின் கதையை முழுதாக எடுத்தால் போதும், நாளைக்குக் குழுவே எழுந்து நிற்கும். பேனையைத் திறந்தார்.

"சரி அக்கா, உங்கட மகள் ரோகிணியிலை இருந்து தொடங்குவம். அவ எத்தினை ரோல்ஸ் சாப்பிட்டவ?"

"எங்கட ரோகிணியோ? நாங்கள் சடங்குக்குப் போகேல்லையே. கார்டை வீட்டை கொண்டுவந்து தராமல் வாட்ஸ்அப்பிலை அனுப்பினவை. ஆர் போவினம்?"

பேனை நின்றது.

"ஆனா உங்கட கொப்பியிலையும் ஞாயிறு நாலு பத்துக்கு வயித்துக்குத்து எண்டு இருக்கு."

"அது உண்மை. ஒரு பெட்டி ஐஸ்கிரீமைத் தனிய முடிச்சவள். அதை ஆராவது டொக்டருக்கு எழுதுவினமோ? சோறு, பருப்பு, கீரை எண்டு போட்டன்."

ஆதிரை மெதுவாகக் கேட்டார். "அப்ப மற்ற இருபத்தொரு பிள்ளையளுக்கும்?"

பாமா அக்கா மேசையில் கிடந்த அன்ராக்குகளை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அவைக்கு என்னத்தை எழுதுறது எண்டு தெரியேல்லை, பாவம். என்ர கொப்பியைப் படம் எடுத்துத் தாய்மாரின்ர வாட்ஸ்அப் குறூப்பிலை போட்டனான். அப்பிடியே பாத்து எழுதினால் டொக்டர் பிடிச்சிடுவா, நேரத்தை மட்டும் அஞ்சு பத்து நிமிஷம் மாத்துங்கோ எண்டும் சொன்னனான். அதுசரி பிள்ளை, என்னைக் கேளாமல் சொந்தமா எழுதின அந்த ரெண்டு பேரும் ஆர்?"